பூன் வாத்தியார்

தோழர்களே, ஹெர்மன் பூனைப் பற்றி 2000இல் டிஸ்னி எடுத்த படத்தைப் பார்த்திருப்பீங்க. படம் காட்டுவது 1971. நான் அதற்கு முன்னே போகிறேன்.

வட கரோலினாவில் வில்லியம்ஸ்டன் என்ற ஊர். அங்கே கறுப்பர் உயர்நிலைப் பள்ளியில் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர். ஒன்பது வருஷத்தில் 99 வெற்றி, 8 தோல்வி. கறுப்பர் பள்ளியை வெள்ளையர் பள்ளியோடு இணைத்தபோது அவருக்கு என்ன கொடுத்தார்கள்? உதவியாளர் வேலை! போங்கய்யா என்று 1969இல் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவுக்கு வந்துவிட்டார். இணைப்பு என்றதும் நாம கைதட்டுகிறோம். தெற்கு மாநிலங்களில் மூடியது பெரும்பாலும் கறுப்பர் பள்ளியைத்தான். வேலை போனது கறுப்பு வாத்தியாருக்குத்தான்.

1971இல் டி.சி. வில்லியம்ஸ் பள்ளியில் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். கெட்டிஸ்பர்க்கில் முகாம் போட்டு, கறுப்புப் பிள்ளையையும் வெள்ளைப் பிள்ளையையும் ஒரே அறையில் தங்கவைத்தார். 13 ஆட்டம், 13 வெற்றி, மாநிலக் கோப்பை. கடுமையான ஆள்தான், மாணவர்களைக் கொடுமைப்படுத்தினார் என்ற புகாரில் 1979இல் பதவி போனது. அதை நாம மறைக்க வேண்டியதில்லை.

சரி, யார் அந்த டி.சி. வில்லியம்ஸ்? இரு நிறத்துப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிக்கக்கூடாது என்று நின்ற கல்வி அதிகாரி! பள்ளிப் பலகையில் சாதிப் பேர் பார்த்துப் பழகிய நமக்கு இது புதுசில்லை. அந்தப் பேர் மாட்டிய வாசலில்தான் பூன் தினம் நுழைந்தார். 2019இல் அவர் இறந்தார். பலகையை மாற்றியது 2021இல்.