எதிர்வீட்டுக் கார்



நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசுக் கணக்கு. அத்தனை பேருக்கும் நான் 'நர்சம்மா'. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் நின்ற ஒரு வாசலைப் பற்றி, செவிலியராகப் பட்டம் பெறும் உங்களிடம் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே பிரசவம். குழந்தை பிறந்தும் தாய்க்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. மாமியார், நாத்தனார், தெருவில் பாதிச் சனம், எல்லாரும் கூடியிருந்தார்கள். எதிர்வீட்டில் ஓர் அம்பாசிடர் கார் நின்றது. கணவர் வெளியூரில். "அவன் வந்துரட்டும்" என்று மாமியார் காத்திருந்தார். எனக்குத் தகவல் வந்து நான் போனபோது அவள் கை சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. 23 வயது.

இந்த உதிரப்போக்கு இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைப் பறித்துவிடும் என்று படித்திருப்பீர்கள். மூன்று தாமதங்களையும் படித்திருப்பீர்கள்: முடிவெடுப்பதில், போய்ச் சேர்வதில், சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில். அந்த வீட்டில் நடந்தது முதலாவது. அதற்கு என் பையில் மருந்து இல்லை.

அதன்பிறகு வளைகாப்பு நடக்கும் வீடுகளுக்கெல்லாம் அழைக்காமலே போனேன். மாமியார், அம்மா, கணவர், அக்கம்பக்கம் எல்லாரும் ஒரே கூடத்தில் இருப்பது அன்று ஒருநாள்தான். வலி வந்தால் யார் வண்டி? யார் கூடப் போவது? இரத்தம் கொடுப்பது யார்? கணவர் ஊரில் இல்லையென்றால் 'கிளம்பு' என்று சொல்வது யார்? சபை நடுவில் பெயர் சொல்ல வைப்பேன். சபையில் கொடுத்த வாக்கை எங்கள் ஊரில் யாரும் மீறுவதில்லை. மகளிர் குழு வந்ததும், சேமிப்பில் ஒரு பகுதியைப் பிரசவ அவசரத்துக்கென்றே ஒதுக்கினார்கள்.

தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2001-03இல் 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20இல் அது 54. மூன்று செவிலியர் முறைவைத்துப் பார்க்கும் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், 2008இல் வந்த 108 ஆம்புலன்ஸ் வண்டிக்கும், ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் காரணம் தேடும் தணிக்கைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் 108ஐ அழைக்கவும் வீட்டில் ஒருவர் வாய் திறக்க வேண்டுமே!

ஒருவர் வாய் திறக்க வேண்டும் என்பது, வீட்டில் அடி உதை வாங்கும் பெண்கள் விஷயத்திலும் பொருந்தும். "வழுக்கி விழுந்துட்டேன்" என்று வீங்கிய கன்னத்தோடு ஒருத்தி வந்தால், கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அவளுக்கு மனப்பாடமாக்குங்கள். அடுத்த வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லி வையுங்கள். இரவில் அலறல் முதலில் கேட்பது அவளுக்குத்தான்.

அந்த எதிர்வீட்டுக்காரர் பிற்பாடு எத்தனையோ பிரசவங்களுக்கு நடுராத்திரியில் கார் எடுத்தார். பெட்ரோல் காசுகூட வாங்கியதில்லை. ஒருநாள் மனம் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்: "அன்னைக்கு ஏன்ணே வண்டிய எடுக்கல?"

வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "யாருமே என்னைக் கேக்கலையே, நர்சம்மா."