ஓவர்டைமுக்கு இருமடங்கு

முன்பு ஆலையில் ஒரு நாள் வேலை 9 மணி நேரத்தைத் தாண்டினால், தாண்டிய நேரத்துக்கு இருமடங்குக் கூலி தர வேண்டியிருந்தது. 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் தந்த உரிமை அது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் ஓவர்டைமுக்கு இருமடங்குதான்.

மணிக்கு 100 ரூபாய் வாங்கும் தையல் தொழிலாளிக்கு, ஓவர்டைம் மணிக்கு 200. நூறு அல்ல, இருநூறு.

2020 கொரோனா காலத்தில் குஜராத் அரசு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆலைகளில் 12 மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்குச் சாதாரணக் கூலியே போதும் என்றது. எவ்வளவு பெரிய அநியாயம்! குஜராத் மஸ்தூர் சபா என்ற தொழிற்சங்கம் உச்ச நீதிமன்றம் போனது. அக்டோபரில் அறிவிப்பு ரத்தானது. உழைத்தவர்களுக்கு ஓவர்டைம் பாக்கியைக் கொடுக்கவும் உத்தரவானது.

ஆலைக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால், தொழிலாளர் துறையில் பாக்கி கேட்கும்போது அது கைகொடுக்கும்.