கீழ்ஸ்தாயிக்காரனின் அபிப்பிராயங்கள்



மெல்லிசைக் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசிப்பதையே ஜீவனமாகக் கொண்ட ஒருவனை வானொலியில் பேச அழைத்திருப்பதில் ஒரு சிறு வேடிக்கை இருக்கிறது. என் வாத்தியத்தின் நான்கு தந்திகளில் தடித்ததாக உள்ளது விநாடிக்குச் சுமார் 41 முறை அதிர்கிறது. உங்கள் சமையலறை அலமாரியின் மேல் பாடிக்கொண்டிருக்கும் சிறிய வானொலிப் பெட்டிக்கோ, அவ்வளவு தாழ்ந்த நாதத்தை வெளியிடும் திராணி அநேகமாகக் கிடையாது. ஆயினும் பழைய திரைப்பாட்டு ஒன்று அதில் ஒலிக்கும்போது பேஸ் எந்த ஸ்வரத்தில் நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படியென்றால், தந்தி அதிரும்போது மூல நாதத்தோடு, அதன் இரு மடங்கும் மும்மடங்கும் நான்மடங்குமான மேல்நாதங்களும் கூடவே பிறக்கின்றன. அந்த மேல்நாதங்களைக் கேட்ட மாத்திரத்தில், நம் செவியும் மூளையும் சேர்ந்து, வந்து சேராத மூல நாதத்தைத் தாமே ஊகித்து நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே, நேயர்களே, சின்னப் பெட்டியில் நீங்கள் கேட்கும் பேஸில் ஒரு பங்கு நாங்கள் வாசித்தது; மற்றொரு பங்கு நீங்களே கற்பித்துக்கொண்டது.

இந்தச் சூட்சுமத்தை நன்கறிந்தவர்கள் அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தார். 1960-களில் அவர்கள் ஒரு பாட்டை ஒலிப்பதிவு செய்து முடித்ததும், பெரிய ஒலிபெருக்கியில் கேட்டுப் பூரித்துவிட்டு எழுந்து போய்விடவில்லை. மோட்டார் காரின் வானொலியில் அது எப்படிக் கேட்கும் என்பதைச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றில் ஓடவிட்டுச் சோதித்த பிறகே திருப்தியடைந்தார்கள். மின்சார பேஸ் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்து பரப்பிய லியோ ஃபெண்டரும் வானொலியோடு சம்பந்தப்பட்டவர்தாம். கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். ஆளுயரத்தை மிஞ்சிய டபிள் பேஸைத் தூக்கிச் சுமந்தும், மற்ற வாத்தியங்களின் ஆரவாரத்தில் அது அமுங்கிப்போவதைக் கண்டு வித்வான்கள் அயர்ந்திருந்த காலத்தில், 34 அங்குலத் தந்தி நீளமும், வீணைக்கு மெட்டுகள் உள்ளதைப்போல ஸ்வரஸ்தானத்தை வரையறுக்கும் உலோகக் கட்டுகளும் கொண்ட வாத்தியத்தை அவர் 1951-இல் வெளியிட்டார். இன்றைக்கும் அந்த அமைப்பு பெரிதாக மாறிவிடவில்லை.

இனி, இளைஞர்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: எந்த பேஸ் வாங்கலாம், எந்த ஆம்ப் வாங்கலாம், எந்தத் தந்தி போடலாம்? இந்தக் கேள்விக்கு நான் விடையாகச் சொல்வது ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவரின் சரித்திரத்தை. மோட்டவுனின் புகழ்பெற்ற பாடல்களில் கணக்கற்றவற்றுக்கு பேஸ் வாசித்தவர் அவர். பள்ளியில் டபிள் பேஸ் கற்று, பின்பு மின்சார வாத்தியத்துக்கு மாறிய அவர், 1962-ஆம் ஆண்டைச் சேர்ந்த சாதாரண ஃபெண்டர் பேஸ் ஒன்றை வைத்துக்கொண்டு பல காலம் ஓட்டினார். தட்டையான உறை சுற்றிய கனத்த தந்திகளை அதில் பூட்டி, ஒன்று அறுந்தாலொழிய மாற்றுவதில்லை என்று விரதம் பூண்டவர்போல் இருந்தார். குதிரையை மூடும் தகட்டுக்கடியில் ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று. அதனால் ஒவ்வொரு ஸ்வரமும் பிறந்த மறுகணமே அடங்கி, அடுத்த ஸ்வரத்துக்கு வழிவிடும். வலக்கையில் அவர் உபயோகித்தது ஆள்காட்டி விரல் ஒன்றைத்தான். புதுத் தந்தியின் பளபளப்பு வேண்டும், இரண்டு விரல் வேண்டும், மூன்று விரல் வேண்டும் என்று இன்றைய கடைக்காரரும் வாத்தியாரும் சொல்வதையெல்லாம், அந்த ஒற்றை விரலும் எண்ணெய் ஏறிய பழந்தந்தியும் பொய்யாக்கிவிடுகின்றன. நான் புதுத் தந்திக்கு விரோதியல்லன். ஆனால் மாதம் ஒருமுறை தந்தி மாற்றும் பையன் மாதம் ஒரு பாட்டாவது புதிதாகக் கற்கிறானா என்று கேட்கத் தோன்றுகிறது.

கருவி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கும் இடம் ஒன்று உண்டு. அது ஐந்து தந்தி பேஸ். அதற்கு நியாயம் கச்சேரி மேடையில் பிறக்கிறது. ஈ மைனரில் உள்ள பாட்டை நான்கு தந்தி பேஸில் வாசிக்கும்போது, வாத்தியத்திலேயே மிகத் தாழ்ந்ததான வெற்றுத் தந்தி அந்தப் பாட்டுக்கு ஆதார ஷட்ஜமாக அமைந்து, கூடமே அதிரும்படி பேசும். பாடகி மேடை ஏறும்போது திரும்பிப் பார்த்து, “அண்ணா, தொண்டை கட்டியிருக்கு, அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் புன்னகை செய்வார். பேஸ்காரனுக்கோ, அந்த ஷட்ஜம் வாத்தியத்தின் எல்லைக்கு வெளியே போய்விட்டது. ஏ தந்தியில் ஆறாவது கட்டுக்கு ஏறி, ஒரு ஸ்தாயி மேலே வாசிக்க வேண்டியதுதான். பாட்டின் அடித்தளம் அங்கேயே ஆட்டங்கண்டுவிடுகிறது. ஐந்தாவதாக இன்னும் தாழ்ந்த தந்தி ஒன்று இருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. மேடையில் பாடகர்களோடு வாழ்கிறவன் அதை வாங்கட்டும். வீட்டில் அப்பியாசம் செய்பவனுக்கு நான்கே போதும். அதனினும் முக்கியம், வெற்றுத் தந்தியை நம்பாமல், மூடிய விரல்களிலேயே ஒவ்வொரு பாட்டையும் ஒரு முறையாவது வாசித்துப் பழகியிருப்பது. அப்படிப் பழகியவனுக்கு ஸ்கேல் ஏறினாலும் இறங்கினாலும் கை தானாக நகரும்.

பாட்டுக் கற்பது பற்றி எனக்குத் தீவிரமான அபிப்பிராயம் உண்டு. வாத்தியத்தை உறையிலேயே விட்டுவிட்டுப் பாட்டைக் கேட்க வேண்டும். பேஸ் செல்லும் வழியை வாயால் முணுமுணுக்க வரும்வரை கேட்க வேண்டும். அதன் பிறகே தந்தியைத் தொடவேண்டும். கீபோர்டுக்காரரிடம் ஸ்வரக்கூட்டங்களான கார்டுகளை எழுதி வாங்கி, ஒவ்வொரு கார்டின் மூல ஸ்வரத்தையும் தாளத்துக்குத் தட்டிக்கொண்டு போனால் கச்சேரி ஒப்பேறிவிடும் என்பது உண்மைதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் குறை சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஸ, க, ப என்ற மூன்று ஸ்வரங்களும் சேர்ந்து ஒலிக்கையில், அடியில் பேஸ் ஷட்ஜத்தில் நின்றால் பாட்டு வந்து அமர்ந்துவிட்டது என்ற நிறைவு உண்டாகிறது. அதே மூன்றுக்கும் அடியில் பேஸ் காந்தாரத்தில் நின்றால், இன்னும் எங்கேயோ போயாக வேண்டும் என்ற தவிப்புப் பிறக்கிறது. மேலே ஒரு ஸ்வரமும் மாறவில்லை. கீழே நின்றவன் இடம் மாறினான், அவ்வளவுதான். இசையமைப்பாளர் தவிப்பை எழுதிய இடத்தில் நீங்கள் நிறைவைத் தட்டினால், பாட்டின் அர்த்தத்தையே திருத்தி எழுதிவிட்டீர்கள் என்றுதான் சொல்வேன்.

இந்த அப்பியாசத்துக்கு இளையராஜாவின் பாடல்களைவிடச் சிறந்த பாடசாலை தமிழனுக்கு இல்லை. தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைச் சங்கீதம் பயின்ற அவர், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய பகுதியை மேலை முறைக் குறியீட்டில் தாமே எழுதிக் கொடுப்பவர். ஆகையால் பேஸ் அங்கே கார்டுக்குக் காவல் நிற்கும் சேவகனாக இல்லாமல், தனக்கென்று ஒரு ராக சஞ்சாரம் உடையதாக விளங்குகிறது. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டில் கிட்டாரைப் பற்றியே ஊரெல்லாம் பேசுகிறார்கள். ஒருநாள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கிட்டாரை மறந்துவிட்டு, அதன் அடியில் செல்வதை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.

கச்சேரிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்துச் சலவைக்கல் தரையும் வெறுஞ்சுவர்களும் தாழ்ந்த நாதத்தைச் சீக்கிரம் விடுவதில்லை. ஓரிடத்தில் நெஞ்சை முட்டும் பேஸ், நாலு வரிசை தள்ளி அமர்ந்திருப்பவருக்குக் கேட்காமலே போகும். ஆதலால் சவுண்ட் செக்கின்போது நீண்ட வயரோடு மேடையை விட்டிறங்கி, ஜனங்கள் உட்காரும் இடத்தில் நின்று கேட்பது நல்லது. சத்தத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் ஸ்வரத்தைச் சுருக்கி நிறுத்துவதே தெளிவு தரும். ஜேமர்சனின் ஸ்பாஞ்சு செய்த காரியமும் அதுவே. ஆம்ப் இல்லாவிட்டால் பாதகமில்லை, டி.ஐ. பாக்ஸ் என்னும் இணைப்புப் பெட்டி ஒன்றின் வழியாக நேரே மிக்ஸருக்குப் போகலாம். மோட்டவுனிலும் பேஸை நேரே ஒலிப்பதிவுக் கருவியில்தான் இணைத்தார்கள். ஆனால் டிரம்ஸ்காரரின் வலது கால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நிற்கச் சொன்னால் மட்டும் நான் சம்மதிப்பதில்லை. அந்தக் கால் மிதிக்கும் கணமும் என் விரல் இழுக்கும் கணமும் ஒன்றாக வேண்டும், மற்றவையெல்லாம் அலங்காரம்.

ஜேமர்சன் அவ்வளவு பாடல்களுக்கு வாசித்தும், இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் வெகு காலம் அச்சாகவில்லை. 1971-இல் வெளிவந்த பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் முறையாக வந்தன. 1983-இல், 47-ஆம் வயதில் அவர் காலமானார். அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவருடைய 1962 பேஸ் களவு போயிருந்தது. நம் நாட்டிலும் இளையராஜாவின் பாடல்களில் வாசித்த சசிதரனையும், ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும், பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் ரசிகர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? கச்சேரி முடிவில் பாடகர் பெயரையும், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா வாசித்தவர் பெயர்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, “மற்றும் நமது குழுவினர்” என்று முடித்துவிடும் அறிவிப்பாளர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்றே: ஓரத்தில் நிற்கும் பேஸ்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அவர் பெயரையும் சீட்டில் எழுதிக்கொண்டு மேடை ஏறுங்கள்.