தோளில் ஏறிய லீலி

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



எங்களைப் பேச அழைத்தவர்கள், "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், நீளமாக மட்டும் பேசாதீர்கள்" என்று அன்போடு எச்சரித்திருக்கிறார்கள். ஆகவே நாங்கள் இருவரும் பார்த்த ஒரு திருவிழாவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம்.

இத்தாலியில் நேப்பிள்ஸ் பட்டணத்திலிருந்து ரயிலில் ஏறி, வெசுவியஸ் எரிமலைக்கு அந்தப் பக்கம் போனால் நோலா என்ற சிறிய ஊர் வரும். அந்த ஊரின் பாதுகாவலராகக் கொண்டாடப்படுகிறவர் பவுலீனு என்னும் பேராயர். அவர் மரித்தது 431-ஆம் ஆண்டு ஜூன் 22. அந்த நாளை ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமையில் விழா நடக்கிறது. நமது சபைகளில் பலவற்றில் இப்படிப்பட்ட வழக்கம் இல்லை என்பதால், மூக்கைச் சற்றுச் சுளித்துக்கொண்டேதான் போனோம். அதை இங்கே மறைப்பானேன்!

காலையில் பேராலயத்துக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் எட்டு கோபுரங்கள் நின்றன. ஒவ்வொன்றும் 25 மீட்டர் உயரம், அதாவது எட்டு மாடிக் கட்டடம் அளவு. உள்ளே மரச்சட்டம், வெளியே காகிதக்கூழால் செய்த தூண்கள், தேவதூதர்கள், அலங்காரங்கள். இதை அவர்கள் ஜீலியோ என்கிறார்கள். லீலிபுஷ்பம் என்று அர்த்தம். எட்டும் எட்டுத் தொழிலாளர் சங்கங்களின் பெயரைத் தாங்கியவை: காய்கறிக்காரர், பன்றி இறைச்சிப் பண்டம் விற்பவர், மதுக்கடைக்காரர், ரொட்டி சுடுபவர், கசாப்புக்காரர், செருப்புத் தைப்பவர், கொல்லர், தையற்காரர். இவற்றோடு ஒரு படகும் உண்டு. அதன் கதைக்குப் பிறகு வருகிறோம்.

இந்தக் கோபுரங்களுக்குச் சக்கரம் கிடையாது. அடியில் நீண்ட மரத்தண்டுகளைச் செருகி, சுமார் 128 பேர் தோள் கொடுத்துத் தூக்குகிறார்கள். எடை இரண்டரை டன்னுக்கு மேல் என்கிறார்கள். போதாததற்கு பீடத்தின்மேல் பாட்டுக்காரர்களும் வாத்தியக்காரர்களும் ஏறி நின்றுகொள்கிறார்கள். கணக்குப்படி பார்த்தால் ஒரு தோளுக்கு இருபது கிலோ சொச்சம், ஒரு சின்ன அரிசிச் சிப்பத்தின் பாரந்தான். ஆனால் பாரம் கணக்குப்படி பங்கு பிரிவதில்லை. குறுகலான தெருமுனையில் கோபுரம் திரும்பும்போது ஒரு பக்கத்துத் தோள்களெல்லாம் நசுங்குவதையும், மறுபக்கத்தில் இருப்பவர்கள் தண்டை எட்டிப் பிடிக்கக் குதிகாலைத் தூக்குவதையும் நாங்கள் கண்ணாரக் கண்டோம். முன்னால் நின்று கட்டளை கொடுப்பவர் ஒருவர். அவர் சொன்னால்தான் தூக்க வேண்டும், அவர் சொன்னால்தான் இறக்க வேண்டும். இறக்கும்போது ஒருவர் முந்தினாலும் அடுத்தவருக்கு ஆபத்து. வருடக்கணக்காகத் தூக்கியவர்களின் தோளில் எலுமிச்சம்பழம் அளவு சதை தடித்திருக்கிறது. ஒரு பெரியவர் சட்டையை விலக்கி அதைக் காட்டினார். காட்டுவதில் அவருக்கு வெட்கமில்லை, சந்தோஷமே இருந்தது.

நாங்கள் அவரிடம் செலவைப் பற்றிக் கேட்டோம். இவ்வளவு பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று. கேட்டு முடிக்கும் முன்பே எங்களுக்கு உறைத்துவிட்டது. பெத்தானியாவில் பரிமளதைலம் ஊற்றப்பட்டபோது இதே கேள்வியைக் கேட்டவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர் கோபிக்கவில்லை. "இந்தக் கேள்வி எங்கள் ஊரிலும் வருஷா வருஷம் வருகிறது. பவுலீனுவைப் பற்றித் தெரியாமல் நீங்கள் இதற்குப் பதில் தேட முடியாது" என்றார்.

சரி, யார் இந்தப் பவுலீனு?

பிரான்சில் உள்ள போர்தோ பட்டணத்தில், ரோமப் பேரரசின் மிகப் பெரிய செல்வந்தக் குடும்பம் ஒன்றில் 354-ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்தவர். இளவயதிலேயே கம்பானியா மாகாணத்துக்கு ஆளுநராக இருந்தார். ஸ்பெயின் தேசத்துத் தெரசியாவை மணந்தார். நெடுங்காலம் காத்திருந்து பிறந்த ஆண்குழந்தை எட்டே நாளில் மரித்துப்போனது. அதற்குப்பின் கணவனும் மனைவியுமாகச் சொத்துக்களை விற்றுக் கொடுக்கத் தொடங்கினார்கள். அவருடைய ஆசிரியரும் பெரிய கவிஞருமான அவுசோனியு, இவருக்கு என்ன ஆகிவிட்டது என்று புலம்பிக் கடிதம் எழுதினார். சுவிசேஷத்தில் துக்கத்தோடே திரும்பிப்போன ஐசுவரியவானை நாம் அறிவோம். இவர் திரும்பிப்போகாதவர்.

395-ல் இருவரும் நோலாவுக்கு வந்து, ஊருக்குச் சற்று வெளியே பேலிக்ஸ் என்ற பழைய குருவானவரின் கல்லறை அருகே குடியேறினார்கள். (அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் தேசாதிபதி பேலிக்ஸ் அல்ல, இவர் வேறு.) அங்கே பவுலீனு கட்டிய வீட்டுக்கு இரண்டு தளங்கள். மேல்தளத்தில் துறவற வாழ்க்கை நடத்தியவர்கள், கீழ்த்தளத்தில் ஏழைகளும் வழிப்போக்கர்களும். கீழே இருக்கிறவர்களின் ஜெபமே மேலே இருக்கிறவர்களைத் தாங்கும் அஸ்திபாரம் என்பது அவருடைய எண்ணம். நமது ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நோயாளியின் சொந்தக்காரர்கள் பாய் விரித்துப் படுத்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கீழ்த்தளம் கண்ணில் தெரியும்.

இன்னொரு சங்கதி. பேலிக்ஸின் நினைவுநாள் திருவிழாவுக்கு வந்த கிராமத்து ஜனங்கள் இரவெல்லாம் குடித்தார்கள். பவுலீனு அவர்களை விரட்டவில்லை. ஆலயச் சுவரில் வேதாகமச் சம்பவங்களைப் படமாக எழுதிவைத்தார். படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் மதுக்கிண்ணம் மறந்துபோகும் என்று! ஆக, எல்லாவற்றையும் விற்றுக் கொடுத்த அந்த மனிதரே ஆலயத்துக்கும் படத்துக்கும் திருவிழாவுக்கும் செலவு செய்தவர். எங்கள் கேள்வி அப்போதே கால்வாசி செத்துவிட்டது.

இனி படகு. 593-ஆம் ஆண்டை ஒட்டி ரோமாபுரிப் பேராயர் கிரகோரியார் எழுதிவைத்த கதை இது. வண்டாலர்கள் ஊரைக் கொள்ளையடித்து ஜனங்களை ஆப்பிரிக்காவுக்குச் சிறைபிடித்துப் போனார்கள். ஒரு விதவை வந்து தன் மகனை மீட்கப் பணம் கேட்டாள். பவுலீனுவிடம் ஒரு காசும் மிச்சமில்லை. "என்னை உன் அடிமை என்று சொல்லிக் கொடுத்துவிடு" என்று அவளோடு கப்பலேறினார். மகன் விடுதலையானான், பேராயர் தோட்டக்காரரானார். தினமும் எஜமானின் பந்திக்குக் கீரை காய்கறி கொண்டுபோனார். கடைசியில் அவர் யார் என்று தெரிந்தபோது, தமது ஊர்ச் சிறைகள் எல்லாரையும் கேட்டு வாங்கிக்கொண்டு, தானியம் ஏற்றிய கப்பல்களோடு திரும்பினார். ஊரார் லீலிபுஷ்பங்களோடு எதிர்கொண்டு போனார்கள் என்று நோலாக்காரர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தப் பூக்கள்தான் வளர்ந்து வளர்ந்து கோபுரமாகிவிட்டன. வரிசையில் முதலாவது போவது காய்கறிக்காரர்களின் ஜீலியோ என்பதைப் பார்த்தபோது, தோட்டக்காரப் பேராயர் எங்கள் நினைவில் வந்தார்.

இது சரித்திரமா? நேர்மையாகச் சொல்ல வேண்டும். வண்டாலர்கள் ஆப்பிரிக்காவில் இறங்கியது 429-ல். பவுலீனு மரித்தது 431-ல், எழுபது வயதைத் தாண்டி. கதைக்கு இடம் போதவில்லை. பின்னால் வந்த வேறொரு பவுலீனு என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் 410-ஐ ஒட்டிக் கோத்தியர் நோலாவைச் சூறையாடியபோது இவர் பிடிபட்டதை அவர் காலத்திலேயே வாழ்ந்த அகுஸ்தீன் எழுதியிருக்கிறார். பொன்னுக்காகத் தம்மை வதைக்க விடவேண்டாம் என்றும், தம் ஆஸ்தி எல்லாம் எங்கே இருக்கிறதென்று கர்த்தருக்குத் தெரியும் என்றும் ஜெபித்தாராம்.

எங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். படகின் முன்பக்கம் வளைந்த வாளோடு ஒரு துருக்கியன் உருவம் நிற்கிறது. சிறைபிடித்த வண்டாலர்களோ தங்களைக் கிறிஸ்தவர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள். நம்மவன் செய்த கொடுமை எப்படியோ அந்நியன் தலையில் ஏறிவிட்டது. இது நோலாவில் மட்டும் நடப்பதல்ல.

மத்தியானம் புறப்பட்ட ஊர்வலம் விடியும்வரை ஓயவில்லை. திங்கட்கிழமை காலையிலும் வாத்திய ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது. பாட்டுக்காரர்களின் தொண்டை கட்டிவிட்டது. வாலிபர்கள் தோளில் துண்டை மடித்து வைத்துக்கொண்டு மறுபடியும் தண்டுக்குக் கீழே குனிந்தார்கள். 2013-ல் யுனெஸ்கோ இந்த விழாவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்துக்கொண்டதாம். பிழைப்புக்காக அமெரிக்காவுக்குப் போன நோலாக்காரர்கள் நியூயார்க்கின் புரூக்ளினில் 1903 முதல் ஒரு ஜீலியோவைத் தூக்கிவருகிறார்கள்.

நாங்கள் கூட்டத்தை விட்டு, பக்கத்திலுள்ள சிமித்திலேக்குப் போனோம். பேலிக்ஸின் கல்லறையும் பழைய ஆலயங்களின் இடிபாடுகளும் அங்கேதான். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. கீழ்த்தளத்து ஏழைகள் இருந்த வளாகம் இதுதானே என்று சிறிது நேரம் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தோம். பவுலீனு தம் நாளில் இந்த இடத்துக்கு அபெல்லா ஊரிலிருந்து கால்வாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தவர். வெயில் ஏறிவிட்டது. தெருக் குழாயில் ஆளுக்கு இரண்டு கை தண்ணீர் குடித்துவிட்டு ரயிலுக்கு நடந்தோம்.