எமிலி அம்மையாரின் நேர்முகப் பரீட்சை

உத்தியோகம் வேண்டி நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் இளைஞர் தம் சான்றிதழ்களை ஒரு கோவையில் அடுக்கிக் கையோடு கொண்டு செல்வர். விமானி உத்தியோகத்தை நாடிச் செல்பவரின் கையில் இன்னுமொரு புத்தகம் இருக்கும். அதுவே பறப்புக் குறிப்பேடு. எந்த நாள், எந்த விமானம், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, எத்தனை மணி நேரம் என்பன யாவும் அதில் வரிவரியாகப் பதியப்பட்டிருக்கும். நாவன்மை இல்லாதவரும் அதனை மேசைமீது வைத்துவிடலாம். மிகுதியை அது சொல்லிக்கொள்ளும்.

நேயர்களே, அவ்வாறு 7,000 மணி நேரத்துக்கு மேற் பறந்த கணக்கைத் தாங்கிய குறிப்பேடொன்று, திறந்து பார்ப்பாரின்றிக் கிடந்த வரலாறு ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவிலே, கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வாழ்ந்த எமிலி ஹவல் என்னும் அம்மையாரின் குறிப்பேடு அது.

1939ஆம் ஆண்டிற் பிறந்த எமிலி, இளவயதில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். விமானப் பணிப்பெண்ணாக வேண்டுமென்பதே அவருடைய முதல் விருப்பம். ஆகாயப் பயணம் தமக்கு ஒத்துக்கொள்ளுமோவென அறிவதற்காகப் பிரண்டியர் என்னும் கம்பனியின் விமானத்தில் ஏறினார். மலைநாட்டுச் சிற்றூர்களை நகரங்களோடு இணைத்து வந்த பிராந்தியக் கம்பனி அது. திரும்பும் வழியில் விமானிகளின் அறையை எட்டிப் பார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. பணிப்பெண் ஆகும் எண்ணம் அவ்விடத்திலேயே மறைந்தது. சொற்ப சம்பளத்திற் கணிசமான பங்கை ஒதுக்கி 1958இற் பறக்கப் பழகத் தொடங்கினார். 1961இற் போதனாசிரியரானார். பின்னர் அப்பயிற்சிக் கல்லூரியின் தலைமை விமானியாகவும், புதியவர்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாமோவெனச் சோதிக்கும் பரீட்சகராகவும் உயர்ந்தார்.

இவ்விடத்திலேதான் கதை கனக்கிறது. அவரிடம் அரிச்சுவடி படித்த இளைஞர், அவர் கையொப்பத்தோடு அனுமதிப்பத்திரம் பெற்ற இளைஞர், ஒருவர் பின் ஒருவராகக் கம்பனிகளில் விமானிகளாக அமர்ந்தனர். அவர்களின் மணிக் கணக்கு ஆசிரியையின் கணக்கிலும் எவ்வளவோ குறைந்தது. மாணவன் தன்னை மிஞ்சுவதைக் கண்டு மகிழ்வது ஆசிரியத் தொழிலின் பேறு என்பர். அது மெய்யே. ஆயின், ஆசிரியருக்கு அடைத்த கதவு மாணவனுக்கு மட்டும் திறப்பதைக் காணும்போதும் அம்மகிழ்ச்சியை எதிர்பார்த்தல் நியாயமன்று. எமிலி 1960களின் பிற்பகுதியிலிருந்தே பிரண்டியர் உட்பட மூன்று கம்பனிகளுக்கு விண்ணப்பித்து வந்தார். எவையும் அவரை அழைக்கவில்லை.

இதற்கு முன் இந்த வாயிலைக் கடந்த ஒரு பெண் இருந்தார். 1934ஆம் ஆண்டின் கடைசி நாளிலே சென்ட்ரல் என்னும் சிறு கம்பனியில், வாஷிங்டனிலிருந்து டெட்ராயிட்டுக்குத் துணை விமானியாகப் பறந்த ஹெலன் ரிச்சி அவர். அவருடைய திறமையைக் கம்பனி ஒப்புக்கொண்டது. விமானிகள் சங்கமோ அவரை உறுப்பினராக ஏற்க மறுத்தது. காலநிலை சீர்கெட்ட வேளைகளில் அவரைப் பறக்க விடலாகாது என அரசாங்கத் தரப்பிலிருந்தும் சொல்லப்பட்டது. நல்ல வெயில் அடிக்கும் நாளில் மட்டும் பறக்கும் விமானிக்கு எவர்தாம் வேலை தருவர்? 1935இல் அவர் விலகினார்.

1972ஆம் ஆண்டின் இறுதியில், தம் முன்னாள் மாணவர் ஒருவரைப் பிரண்டியர் கம்பனி சேர்த்துக்கொண்டதை எமிலி அறிந்தார். மீண்டும் அக்கம்பனியின் கதவைத் தட்டினார். இம்முறை பறப்புப் பகுதியின் தலைவர் அவரை அழைத்துப் பேசினார். பேச்சோடு நில்லாது, தரையிலே நிற்கும் பயிற்சிப் பொறியிலும் அவர் சோதிக்கப்பட்டார்.

அப்பொறியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். உண்மை விமானத்தின் அறையைப் போன்றே அமைக்கப்பட்டது அது. கருவிகளின் முட்களை மட்டுமே நம்பி உயரமும் திசையும் வேகமும் பிசகாமற் செலுத்த வேண்டும். சோதிப்பவர் விரும்பிய வேளையில் ஓர் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். ஒரு புறம் இழுக்கும் விமானத்தைக் காலால் மிதித்து நேராக்கி, செய்ய வேண்டியவற்றை முறை தவறாமற் செய்து முடிக்க வேண்டும். எமிலிக்கு வாய்த்தது கொன்வெயர் 580 என்னும் இரட்டை இயந்திர விமானத்தின் பொறி. பெரும்பாலும் சிறு விமானங்களிற் கற்பித்து வந்தவருக்கு அது பெரியதே. எத்தனையோ பேரைச் சோதித்துத் தீர்ப்புச் சொன்னவர், அன்று தாமே சோதிக்கப்படும் ஆசனத்தில் அமர்ந்தார். வெளியே, தனித்து வளர்த்து வந்த சிறு மகன். உள்ளே, நடுங்கும் முட்கள். அம்முட்கள் இருப்பவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை. எமிலி சித்தியெய்தினார்.

1973 ஜனவரி 29ஆம் திகதி அவருக்கு வேலை கிடைத்தது. பெப்ரவரி 6ஆம் திகதி, டென்வரிலிருந்து லாஸ் வேகாசுக்குச் சென்ற போயிங் 737 விமானத்தில் இரண்டாம் அதிகாரியாக அமர்ந்தார். ரிச்சியை ஏற்க மறுத்த அதே சங்கம் 1974இல் எமிலியை உறுப்பினராக ஏற்றது. அச்சங்கத்தின் முதற் பெண் உறுப்பினர் அவரே. 1976இற் கப்டனானார். அவர் அணிந்த சீருடை ஸ்மித்சோனியன் நூதனசாலையிற் பேணப்படுகிறது.

பிற்காலத்தில் அம்மையார் மீண்டும் பரீட்சகர் ஆசனத்துக்கே திரும்பினார். அரசாங்க விமானத் துறையிற் பணியாற்றி, கம்பனி விமானிகளைச் சோதித்து, 2002ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார். அப்பொழுது அவருடைய குறிப்பேட்டில் 21,000 மணி நேரத்துக்கு மேற் பதிவாகியிருந்தது. 2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் காலமானார்.