உழைக்கிற உடம்புக்குச் சர்க்கரை வராதா?

(பாஞ்சாலங்குறிச்சியில் நடந்த கூட்டத்தில் பேசியது)



சுந்தரலிங்கனாரின் கவர்னகிரி பக்கத்தில்தான் இருக்கிறது. இங்கே வந்து சர்க்கரை நோயைப் பற்றியா பேசுவது என்று கேட்பீர்கள். பேசித்தான் ஆக வேண்டும். "அது உட்கார்ந்து தின்கிறவனுக்கு வருகிற பணக்கார வியாதி, உழைக்கிற உடம்புக்கு வராது" என்று நம்பியே நம் ஆட்கள் பலர் காலை இழந்து நிற்கிறார்கள்.

2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் இருக்கிறது. கிராமமும் தப்பவில்லை. கம்பங்கஞ்சி போய் மூன்று வேளையும் அரிசிச் சோறு என்றானது ஒரு காரணம். இன்னொன்றை நம்மிடம் யாரும் சொல்வதில்லை. தாய் வயிற்றிலேயே பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பிற்காலத்தில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். 1944-45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவிலிருந்தவர்களைப் பின்னாளில் சோதித்தபோது இது தெரிந்தது. அங்கே பஞ்சம் சில மாதங்கள். நம் சேரிகளில் எத்தனை தலைமுறை! பிறகு எப்படி இது பணக்காரன் வியாதி?

கருப்பட்டிக்கு வருவோம். நம் உடன்குடிச் சரக்குதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் அதிலும் பெரும்பகுதி சர்க்கரையேதான். "கருப்பட்டிக் காப்பி ஒன்றும் செய்யாது" என்று நாளைக்கு நாலு டம்ளர் குடிப்பவருக்கு மாத்திரை என்ன செய்யும்? ஊசி என்றாலோ கடைசிக் கட்டம் என்று பயம். ஊசி போடுகிற வீடு என்று தெரிந்தால் மகளுக்கு வரன் அமையாது என்று மறைக்கிறார்கள். ஐரோப்பாவில் குடியேறிய ஆப்பிரிக்கர்களிலும், மெலிந்தால் எய்ட்ஸ் என்று பேசுவார்களே என அஞ்சி நோயை மறைப்பவர்கள் உண்டு. ஊர்வாய்க்குப் பயப்படுவது எங்கும் ஒன்றுதான்.

சர்க்கரை உள்ளவர் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்கிறார் டாக்டர். உணர்வு மரத்த காலில் முள் ஏறினாலும் தெரியாது, புண் அழுகிய பிறகுதான் தெரியும். உப்பளத்தில் பாளம் பாளமாக வெடித்த காலுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் செருப்புப் போடாதே என்று நமக்குச் சொன்னது யார்? ஆதிக்கச் சாதித் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உயிரோடிருக்கிறது. இப்போது காலில் புண் வருகிற வயது அவர்களுக்குத்தான். வாசலில் செருப்புக் கிடந்தாலும் பழக்கத்தில் வெறுங்காலோடு இறங்கிவிடுகிறார்கள். இன்று இராத்திரி அவர்களின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வர வேண்டும். விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர் வீட்டுக்குப் பகலில் வந்தால் பூட்டுத்தான் தொங்கும். நம் காலனிக்குச் சாயங்காலம் வரச் சொல்லி அடுத்த கிராமசபையில் தீர்மானம் போடுவோம். பெண்கள் முன்வரிசையில் உட்காருங்கள்.