குளிர் இல்லாத ஊரில் புல்தரை

குளிர்நாடுகளில் டிசம்பரில் புல்தரை உறங்கிவிடும். கோல சிலாங்கூரில் நமக்கு ஏது குளிர்? ஆயினும் ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும்போது நம் முற்றத்துப் புல்லும் வாடத்தான் செய்கிறது.

நாம் வளர்ப்பது பெரும்பாலும் அகன்ற இலைப்புல். நிழலையும் புளிப்பு மண்ணையும் தாங்கும், வறட்சியைத் தாங்காது. ஆகவே நவம்பர் மழை ஓயுமுன் உரமிடுவோம். வெட்டும்போது 2 அங்குலம் விட்டு வெட்டுவோம். மண் தெரிய மொட்டையடித்தால் புல்லுக்கு முன் களை வந்துவிடும்!

வடிகால்தான் முக்கியம். மழைநீர் தேங்குகிறதே என்று சிலர் அதை ஆழமாகத் தோண்டிவிடுகிறார்கள். நம் கடலோரத் தாழ்நிலங்களில் சில இடங்களில் களிமண்ணுக்கு அடியில் கந்தகம் சேர்ந்த இரும்புத் தாது இருக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும்வரை தொல்லையில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் கந்தக அமிலம் பிறக்கும். புல் மட்டுமா, பக்கத்துச் செம்பனையும் நலியும். வடிகாலில் துருநிற நீர், தோண்டிய மண்ணில் வெளிர்மஞ்சள் திட்டு, இவையே அடையாளம். சுண்ணாம்பு மேல்மண்ணுக்கு உதவும்; ஆழத்துப் புளிப்பை எட்டாது. அங்கே மேலும் தோண்டாமல், மழை ஓயுமுன் மண்மூட்டை அடுக்கி நீரை நிறுத்திவைப்போம். தோட்டத்து வடிகால் என்றால், நிர்வாகத்திடம் சொல்லிவிட்டே செய்வோம்.